சட்டையில் ஒட்டாத பஞ்சு

பாண்டிச்செல்வி அப்பாவுக்கு,

எங்கம்மாவுக்கு மேலுக்கு முடியலையாம். முதல் பஸ்ஸுக்கே பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாடிப்பட்டி போறேன். நீங்க அசந்து தூங்குறீங்க, எழுப்ப மனசு வரல. பொழுது சாய வந்துருவேன்.

அந்த ஆனந்த முகாமுக்கு நீங்க போறதை நான் குத்தம் சொல்லல. கோவத்துல சோத்துத் தட்டைத் தூக்கி எறியுறது நின்னிருக்கு, அம்புட்டுக்கு நல்லதுதான். ஆனா ஒரு வாரத்துல கவலையே இல்லாம ஆக்கிருவோம்னு நோட்டீஸ்ல போட்டிருக்கானே, அதை மட்டும் நம்பாதீங்க. முகாம்காரர் வந்தா மோர் குடுங்க. அடுத்த வகுப்புக்குப் பேர் குடுத்துராதீங்க.

நேத்து "மில்லு எப்படி ஓடுது"ன்னு கேட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னு பழகுறீங்களே, அதே சிரிப்பைச் சிரிச்சு "எல்லாம் ஆனந்தம்"னீங்க. அதான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் படுத்தேன். வீட்டுல கெட்ட சேதி பேசக் கூடாதுன்னு அங்க சொல்லிக் குடுத்திருக்காங்களோ?

உங்க சட்டையைத் துவைக்கிறவ நான். மில்லுக்குப் போய் வந்த சட்டைன்னா காலர் மடிப்பெல்லாம் பஞ்சு அப்பிக் கிடக்கும். இந்த வாரம் பொட்டுப் பஞ்சு இல்ல. மில்லை மூடிட்டாங்களா, உங்களை மட்டும் நிறுத்திட்டாங்களா?

கவலை எங்கயும் போகாது. பாதியை எங்கிட்ட குடுங்க, எனக்கு அது போதும்.

ஜெயக்கொடி

வெளிய போனா சாவியை எதிர்வீட்டு ரெங்கம்மாக்காகிட்ட குடுங்க.

தூக்குவாளியில சோறு கட்டல. புளிக்குழம்பு அடுப்பு மேலயே இருக்கு. தெப்பக்குளத்துக் கரையோ எந்தக் கரையோ, வெயில்ல உக்காந்து திங்க வேணாம். வீட்டுலயே சாப்பிடுங்க.