கழற்றி வைத்த வில்லை

பாப்பா,

கஞ்சி ஆறியிருக்கும், அப்படியே குடி. கண்குழியில் ஒட்டுப்போட உதட்டின் உள்பக்கத்தில் சதை எடுத்த இடம் சூடு பட்டால் எரியும்.

குழி சுருங்காமலிருக்க டாக்டர் வைத்த பிளாஸ்டிக் வில்லை நழுவினால் உடனே எனக்குப் போன் செய். சென்றமுறை நீ வலியில் அழுதது பொறுக்காமல், அதைக் கழற்றி மூன்று வாரம் மேசை இழுப்பறையிலேயே வைத்திருந்தவன் நான். குழி சுருங்கிச் செயற்கைக் கண் பொருந்தாமல் போனதும், இந்த அறுவைசிகிச்சையும் அதனால்தான்.

"மூணு வாரமா அத மாட்டாம இருந்திருக்கியேடி, அவ்வளவு அலட்சியமா?" என்று அம்மா உன்னைத் திட்டியபோது நான் செய்தித்தாளுக்குள் முகம் புதைத்திருந்தேன். நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

சாவி செருப்பு அலமாரியின் மேல்.

அப்பா

பி.கு.: அம்மாவின் சாப்பாட்டுப் பைக்குள்ளும் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஒரு மணிக்குப் பிரிப்பாள். அவள் உன்னைக் கூப்பிட்டால் எடுத்துப் பேசம்மா.