கூப்பனுக்கு ஒரு சாமான்

ஜன. 20, திங்கள்

கடும் பனி. ஹேண்டில்பாரில் கை விறைத்துவிட்டது. திண்டிவனம் போய்ச் சேர எட்டே முக்கால். கமலா அக்காவின் தையல் கடையில் பதினாறு ஜாக்கெட்டுக்கு ஊக்கு.

சாயங்காலம் புது சைக்கிள் கடையிலிருந்து ஆள் வந்து ஒரு சீட்டு கொடுத்தார். கடை திறந்த அன்று இலவசமாகக் காற்று அடித்து, பெயர் எழுதி டப்பாவில் போடச் சொன்னார்கள். போட்டதே மறந்துவிட்டது. குலுக்கலில் எனக்கு மூன்றாம் பரிசு, நூறு ரூபாய் கூப்பன். பணமாகத் தர மாட்டார்கள். சைக்கிள் சாமான் மட்டும். 31-க்குள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். குனிந்துகொண்டேன். விரலில் ஊசி.

ஜன. 21, செவ்வாய்

வீட்டில் சொல்லியாயிற்று.

அப்பா: "கேரியரு போட்டுடலாம்."

அதில் ஒரு கால் உடைந்து பழைய டியூபால் கட்டியிருக்கிறது. சந்தைக்குப் போகும்போது கத்திரிக்காய் மூட்டை சாய்கிறது.

அம்மா: "சீட்ட மாத்துங்க மொதல்ல. எப்டித்தான் அதும்மேல குந்திக்கினு போவுதோ இந்தப் பொண்ணு."

பட்டியல்:
கேரியர் (அப்பா)
சீட்டு (அம்மா)
செயின் கவர் (பாவாடை இரண்டு முறை மாட்டிக் கிழிந்தது)
டைனமோ லைட்

கடைசியை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

ஜன. 23, வியாழன்

பிப். 3 முதல் கமலா அக்கா துணி வெட்டக் கற்றுத்தரும் வெட்டு வகுப்பு ஆரம்பிக்கிறாள். சாயங்காலம் ஆறிலிருந்து ஆறே முக்கால். எனக்குக் காசு வேண்டாம் என்றாள்.

"ஊக்கு தெச்சிக்கினே கெழவி ஆயிடலாம்னு கீறியா? வெட்டக் கத்துக்கினாதான் தையக்காரி."

தீபாவளி சமயமும் கூப்பிட்டாள். அப்பாதான் விடவில்லை. "லைட்டு இல்லாம இருட்டுல வருவியா? போலீசு புடிச்சா வால்டூப்ப புடுங்கி காத்த எறக்கிட்டு தள்ளிக்கினு போன்னுவான்" என்றார். லைட் இருந்தால் விடுவாரா? தெரியாது. கேட்டால்தானே.

ராத்திரி சோறு போடும்போது சொல்லிவிட நினைத்தேன். வாய் திறந்தது. "கொழம்பு ஊத்தட்டுமாப்பா?"

எட்டாவதோடு நின்றேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வீட்டைப் பார்க்க ஆள் இல்லை. வகுப்பிலும் இப்படித்தான். விடை தெரியும், எழுந்து நிற்க மாட்டேன். தெரியாது என்றே டீச்சர் நினைத்துக்கொள்வார்.

ஜன. 26, ஞாயிறு

லீவு. கட்டிக்கொடுத்த என் அக்கா கெடாரிலிருந்து குழந்தையோடு வந்தாள். விழுப்புரத்தில் ஒரு மணி நேரம் பஸ் இல்லையாம். ஒரே பேஜாரு என்றாள். கூப்பன் சேதி அவள் காதுக்கும் போயிருக்கிறது.

"முன்னாடி கம்பில மாட்டுற கொழந்த சீட்டு வாங்குடி."

"உன் வூட்ல சைக்கிளே இல்லியேடி!" என்றாள் அம்மா.

"சீட்ட பாத்தாவது உன் மருமவன் சைக்கிள் வாங்குவாரு."

எல்லோரும் சிரித்தோம். பிறகு அக்கா என்னிடம், "உனக்கு இன்னாடி வேணும்?"

யாரும் கேட்காததை அவள்தான் கேட்டாள். "எதுனா சரி" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஜன. 30, வியாழன்

அப்பாவும் நானும் சைக்கிள் கடைக்குப் போனோம். கூப்பனை அப்பாதான் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"கேரியரு ஒண்ணு குடுப்பா. நல்லா கெட்டியா."

கடைக்காரர் கூப்பனைப் பார்த்தார். "பாப்பா பேர்ல கீதே. அதுதான் வாங்கிக்கினு கையெழுத்துப் போடணும். நீ சொல்லும்மா, இன்னா வேணும்?"

"டைனமோ."

"இன்னாது?"

"டைனமோ."

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா, லாரி போவுது."

"டைனமோ லைட்டு!" கத்திவிட்டேன் போல. பஞ்சர் ஒட்டுகிறவர்கூடத் திரும்பினார்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மாட்டியிருந்த டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைக்காரர் எங்கள் சைக்கிளின் பின் டயரைத் தடவினார். "டயரு பூரா ஒட்டு போட்டு கீது. டைனமோ அதும்மேல ஒரசாம வழுக்கும். கேரியரே வாங்கிடும்மா."

அப்போதும் "சரி" என்று வந்துவிடும் என்று பயந்தேன். "முன் டயரு நல்லா கீதுங்க. முன்னாடி மாட்டுங்க" என்றேன்.

மாட்டினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வழியில் அப்பாவிடம் வெட்டு வகுப்பு பற்றிச் சொன்னேன், முதுகைப் பார்த்தபடியே. "ம்" என்றார். அவ்வளவுதான்.

பிப். 1, சனி

விடியற்காலையில் அப்பா புது டியூப் வார் போட்டுக் கேரியரை இறுக்கிக் கட்டினார். மூட்டை ஏற்றும்போது பின்னால் பிடித்துக்கொண்டேன். "உடு, நிக்குது" என்றார். போகும்போது பார்த்தேன், லேசாகச் சாய்ந்துதான் இருந்தது.

பிப். 3, திங்கள்

காலையில் கிளம்பும்போது அப்பா "ஏழரைக்குள்ள வந்துடணும்" என்றார். நின்று கேட்டால் மாற்றிவிடுவாரோ என்று ஜல்தியாக ஏறிவிட்டேன்.

வகுப்பில் நான்கு பேர். பழைய செய்தித்தாளில் ஜாக்கெட்டின் முன்பக்கம் வெட்டிப் பழகினோம். நான் வெட்டிய கழுத்து கோணல். கமலா அக்கா திட்டவில்லை.

டைனமோ போட்டால் மிதிக்கக் கனம். ஆனால் ரோட்டில் நான் போகும் இடமெல்லாம் மஞ்சளாக ஒரு வட்டம் முன்னால் போகிறது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா, நடந்தே வந்திருக்கிறார். ரயில் போனதும் குனிந்து இந்தப் பக்கம் வந்து என் விளக்கைத் தட்டினார்.

"இன்னா இது, எரியல? நாலு நாள்ல பூட்ச்சா? ஏமாத்திட்டானுங்களா?"

"நின்னா எரியாதுப்பா. போனாதான் எரியும்."

நம்பவில்லை. பக்கத்தில் நின்ற சைக்கிள்களைப் பார்த்தார். எதிலும் விளக்கு எரியவில்லை. கேட் தூக்கினார்கள். ஒவ்வொன்றாக எரிந்துகொண்டு போயின.

நான் இறங்கியே தள்ளினேன். மினுக்கு மினுக்கென்றது. கொஞ்ச தூரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏறி மிதி. நான் பின்னாடியே வர்றேன்."

ஏறினேன்.

நாளை கைப்பகுதி. பழைய செய்தித்தாள் நான்கு எடுத்துப்போக வேண்டும், கத்தரிக்கோலுக்குச் சாணை பிடிக்க வேண்டும்.