ஏழாம் தலைமுறைச் செலிக்காவின் மூஞ்சி

என் அருமை மச்சான் நசீர்,

நீ போய் ஒரு நோன்பும் கழிந்துவிட்டது. இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டுமே பேச வேண்டும் என்கிறார்கள். பேசிப் பார்த்தேன். உன் கடையைப் பற்றியும் கைராசியைப் பற்றியும், கெட்ட காலத்தில் நீ எங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்ததைப் பற்றியும் பேச முடிந்தது. உன் காரைப் பற்றி மட்டும் முடியவில்லை. கார் விஷயத்தில் உன் ரசனை படுமோசம்.

செலிக்காக் கார் என்றால் என்னுடையது. எழுபதுகளில் யப்பான்காரன் செய்த முதல் தலைமுறை. நீண்ட பொனற், நான்கு வட்ட விளக்குகள், மின்னும் இரும்புப் பம்பர். அரசாங்கக் கச்சேரி வாசலில் நிறுத்தினால், வந்தவர்கள் வந்த வேலையை மறந்து பார்ப்பார்கள். அதற்குப் பிறகு எல்லாம் இறக்கம்தான். எண்பதுகளில் அதைச் சதுரமாக்கிப் பிஸ்கட் டின்னாக்கினார்கள். பிறகு மூலைகளை மழித்துத் தேய்ந்த சவுக்காரக் கட்டியாக்கினார்கள். தொண்ணூறுகளில் நான்கு கண்களைத் திருப்பிக் கொடுத்தார்கள், தவளைக் கண்கள். கடைசியில் வந்தது ஏழாவது. அதைத்தான் நீ வாங்கினாய்!

அதற்கு முகமா இருந்தது? யாரோ காதைப் பிடித்துத் தூக்கியதுபோல நெற்றிவரை இழுபட்ட விளக்குகள். கீரியின் மூக்கு. பம்பர் எது, உடம்பு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே பிளாஸ்டிக். பின்னால் சிறகு மாதிரி ஒரு செட்டை; அது காகம் குந்துவதற்குத்தான் உதவியது. காத்தான்குடியில் அத்தனை அழகான சாரிகளைத் தெரிந்தெடுத்து விற்ற கண்ணா இதையும் தெரிந்தெடுத்தது?

புளியந்தீவில் வாவிக்கரையோரம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு எத்தனை பின்னேரங்கள் சண்டை பிடித்தோம்!

"உன்ட கார் பென்சன் எடுத்த வாத்தியார் மாதிரி இரிக்குடா" என்பாய்.

"உன்ட கார் கலியாண வீட்டில சாப்பாடு கிடைக்காதவன்ட மூஞ்சி மாதிரிக் கிடக்கு" என்பேன்.

போன மாதம் உன் மகள் றிஸ்னா போன் எடுத்தாள். "மாமா, வாப்பாட கார விலைக்குப் பார்க்கக் கொழும்பால ஒராள் வாறார். எனக்குக் காரப் பத்தி ஒண்டும் தெரியா. நீங்க வந்து கொஞ்சம் நில்லுங்க." சனியன் தொலையட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

வந்தவன் இளந்தாரி. பொனற்றைத் திறந்து எஞ்சினைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. மூடியதும் சுருங்கியது.

"எனக்கு எஞ்சின் மட்டும்தான் வேணும் அங்கிள். என்ட மற்றக் காருக்குப் போடப் போறன். இந்தக் கூட்டைப் பழைய இரும்புக்காரனுக்குக் குடுத்திருவன். இந்த மூஞ்சிய வச்சு என்ன செய்றது?"

மச்சான், நான் வருடக்கணக்காகச் சொன்னதை அவன் அப்படியே சொன்னான். என்னோடு ஒத்துப்போகும் ஒருவனை முதன்முதலாகச் சந்திக்கிறேன். கைகொடுத்திருக்க வேண்டாமா? எனக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"தம்பி, அந்த மூஞ்சிய ஏசுறதுக்கு எனக்கு உரிமை இருக்கு. அதுக்குச் சொந்தக்காரன் திருப்பி ஏச ஏசத்தான் நான் ஏசினனான். நீ ஆர்?"

அவன் திகைத்துப்போய் றிஸ்னாவைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உன் ஜனாஸாவுக்குப் பிறகு அவள் சிரித்து நான் காணவில்லை. சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. "நாங்க விக்கிற இல்ல" என்றாள் அவனிடம். "இரிங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

இப்போது அவள்தான் ஓட்டுகிறாள். வெல்லாவெளியில் படிப்பிக்கப் போய்வருகிறாள். ரோட்டுக் குழிகளில் அந்த மூஞ்சியின் நாடி நிலத்தில் முட்டுகிறதாம். முட்டட்டும். அந்த நாடியில் கெடுவதற்கு அழகு எங்கே இருக்கிறது?

நேற்றுக் கல்லடிப் பாலத்தில் எதிரே வந்தாள். முன்பைவிட அசிங்கமாக இருந்தது கார். ஆனாலும் ஒரு கணம், ஓட்டுவது நீதான் என்று நினைத்து, ஏசுவதற்கு வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயை என்ன செய்வது மச்சான்? இனி நான் ஏசினால் யார் திருப்பி ஏசுவது?

உன் காருக்கு இங்கே சாமான் கிடைப்பதில்லை. ஒருநாள் அது நடுவழியில் நிற்கத்தான் போகிறது. கொழும்பிலிருந்து சாமான் வந்து சேரும்வரை என் காரின் திறப்பு றிஸ்னாவின் கையில் இருக்கும். என் பிள்ளைகளுக்கே நான் கொடுக்காத சாவி. அந்த நாட்களில் நான் பஸ்ஸில் போவேன். இது சத்தியம்.

உன் மகளுக்கு மாமன்,
உனக்கு என்றும் மச்சான்,
தவராசா