ரஜியாவின் மெஷினுக்கு எந்த நிறம்

12-2-79, திங்கள்

பனி விடவில்லை. துணி பத்து மணிக்கு மேல்தான் காயப் போட்டேன்.

ரஜியா விரலுக்குக் கட்டு மாற்றினேன். சதை சேர்ந்து வருகிறது, அல்ஹம்துலில்லாஹ். போன வாரம் ஜாக்கெட் வாங்க வந்தவள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, பின்னாலிருந்து தோளைத் தொட்டிருக்கிறாள். என் பெண்ணுக்குத்தான் காது கேட்காதே. திடுக்கிட்டதில் தையல் மெஷின் ஊசி விரலில் இறங்கிவிட்டது. நான் ரேஷன் கடையில்.

அவர் முடிவு பண்ணிவிட்டார். "மெஷினக் குடுத்துடலாம். வெலைக்கு எடுக்க வெள்ளிக்கிழம சேத்தியாத்தோப்புலேருந்து ஆளு வருது." ரஜியா தன் அத்தாவின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சாப்பிடவில்லை.

பெருநாளைக்குத் தோரணம் கட்ட, குவைத்திலிருந்து தம்பி கொண்டுவந்த பொட்டலம் ஞாபகம் வந்தது. எல்.இ.டி. பட்டாணி அளவுப் பல்பு. எண்ணினேன்:

சிவப்பு 3
பச்சை 3
மஞ்சள் 2
ரெஸிஸ்டர் 8 (பல்பு கருகாமல் காக்க)

வாசலில் ஒரு பட்டன், மெஷின் மேல் ஒரு பல்பு. வந்தவர் அமுக்கினால் அவள் கண்ணுக்குத் தெரியுமே.

13-2, செவ்வாய்

வாங்கியது: டார்ச் பேட்டரி 2, பெல் பட்டன் 1, ஒயர்.

பல்புகளின் கால்கள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. எல்லாவற்றையும் சமமாகக் கத்தரித்தேன், பூக்காம்பு நறுக்குவது போல. பார்க்க லட்சணமாக இருந்தது. அப்புறம்தான் தம்பி எழுதிக் கொடுத்த தாளைப் பிரித்தேன். நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ்!

பச்சை, எரியவில்லை. இன்னொரு பச்சை, இல்லை. மஞ்சள், இல்லை. எல்லாம் பாழ் என்று அழுகை வந்துவிட்டது. ரஜியா என் கையிலிருந்து வாங்கி, கால்களை மாற்றி வைத்தாள். பச்சை எரிந்தது. இவ்வளவுதானா.

மதியம் லுஹர் தொழுகை தாமதம். அல்லாஹ் மன்னிப்பான்.

14-2, புதன்

எனக்குப் பச்சைதான் ஆசை. ஆனால் மெஷின் ஜன்னலோரம். வெயிலில் பச்சை எரிகிறதா என்றே தெரியவில்லை. மஞ்சள் அதைவிட மோசம். சிவப்பு கொஞ்சம் தேவலாம். சிவப்பைப் பார்த்தால் எனக்கு அன்றைய ரத்தம்தான். கட்டுப் போட்ட விரலை அவளிடம் காட்டினேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடி சிவப்பையே தொட்டாள். சரி, தைக்கப் போகிறவள் அவள்.

பல்புக்கு நிழல் வேண்டும். அவர் வேலை செய்யும் கம்பெனியில் கழித்துப் போடும் பீங்கான் குழாய் ஒன்று அவரிடம் கேட்டேன். எதற்கு என்றார். பல்புக்குத் தொப்பி என்றேன். சிரித்தார். கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

புளி தீர்ந்துவிட்டது.

15-2, வியாழன்

இரண்டு குழாய் கொண்டுவந்து அடுப்படியில் வைத்திருக்கிறார். ஒன்றில் விளிம்பு உடைசல். நல்லதின் உள்பக்கம் கரி பூசி, சிவப்பைச் சொருகினேன். மாதுளை முத்து!

ரஜியா மெஷினை ஓட்ட, நான் வாசலில் அமுக்கினேன். பத்துக்கு எட்டு பார்த்தாள். பல்பை ஊசிக்குப் பக்கத்தில் தள்ளிக் கட்டினோம். பத்துக்குப் பத்து.

எதிர்வீட்டுக் கமலா: "என்னக்கா, வூட்டுக்கே ரயில்வே சிக்னலா?" அமுக்கிட்டு நில்லு, வண்டி வரும் என்றேன்.

பட்டனுக்கு மேல் எழுதி ஒட்டியது: அமுக்கிவிட்டு நிற்கவும். பின்னால் வந்து தொட வேண்டாம்.

16-2, வெள்ளி

அவர் ஜும்ஆ முடிந்து வந்தார். எப்போதும் நேரே உள்ளே வருபவர், இன்று பட்டனை அமுக்கினார். ரஜியா பார்த்தாள். மிதியிலிருந்து காலை எடுத்து, சக்கரம் நிற்கும்வரை இருந்து, எழுந்து போய்த் திறந்தாள். அவர் அவளை மெஷினுக்குப் போகச் சொல்லிக் கை காட்டிவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தி இன்னொரு தடவை அமுக்கினார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டே திறந்தாள்.

மூன்று மணிக்கு மறுபடி சிவப்பு. சேத்தியாத்தோப்பு ஆள். அவர் எழுந்திருக்கவில்லை. ரஜியாதான் திறந்தாள்.

"மெஷினு குடுக்கறதாச் சொன்னாங்களே பாய்?"

"ஓடிக்கிட்டு இருக்குதுங்க," என்றார். "உக்காருங்க, டீ குடிச்சிட்டுப் போங்க."