லிஸ்பனில் ஐம்பது நிமிடம்

அம்மா,

இன்று காலை வேலைக்கு வெளிக்கிட்டபோது, வாசல் மிதியடியில் உங்கள் பெயருக்கு ஒரு தபால் கிடந்தது. கப்பல் கம்பனியின் புத்தகம். பளபளப்பான தாள், அட்டையில் வெள்ளைக் கப்பல். ஒருமுறை பயணம் செய்தவர்களை அவர்கள் இலேசில் விடுவதில்லை. நீங்கள் கண்மூடி இரண்டு வருடமாகிவிட்டது, இன்னும் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வழக்கமாக உறையோடு குப்பையில் போட்டுவிடுவேன். இன்று வெளியே நல்ல மழை. நின்றபடியே புரட்டினேன். ஒரு பக்கத்தில் கரைச் சுற்றுலாக்களின் பட்டியல். முதலாவது லிஸ்பன், வழிகாட்டியுடன் அரை நாள். அதற்குமேல் புரட்ட முடியவில்லை. சப்பாத்தோடு மாடிப்படியில் இருந்துவிட்டேன்.

நீங்கள் லண்டனுக்கு வந்தது எண்பத்தெட்டில், அப்பா காலமான அடுத்த வருடம். நகரின் ஓரத்தில், செவன் கிங்ஸில் எங்கள் வீட்டின் பின்னறை உங்களுக்கு. முப்பது வருடம் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த நீங்கள், வந்த முதல் கிழமையே உள்ளூராட்சிக் கவுன்சிலில் இருந்து வந்த கடிதம் ஒன்றைச் சிவப்புப் பேனையால் திருத்தி என் மேசையில் வைத்தீர்கள். நான் அப்போதுதான் அந்தக் கவுன்சிலில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதை எழுதியவர் எனக்கு இரண்டு மேசை தள்ளி இருப்பவர் என்று சொன்னதும், "அப்ப அவருக்கு ஒரு காற்புள்ளி வாங்கிக் குடு" என்றீர்கள். அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம்.

"பிளேனிலை வந்தால் வந்த மாதிரி இல்லைத் தம்பி. கொண்டுவந்து வைச்ச மாதிரி இருக்கு" என்று அடிக்கடி சொல்வீர்கள். ஒருமுறையாவது கப்பலில் போய், ஒவ்வொரு துறைமுகமாக இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது உங்கள் ஆசை. உங்களுக்கு எழுபது முடிந்த வருடம் நான் அதற்கு ஒழுங்கு செய்தேன். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் லீவு கிடைக்கவில்லை, மகளுக்குப் பள்ளிக்கூடச் சோதனை. நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம்.

ஏறுவதற்கு இரண்டு மாதம் முன்பே, ஒவ்வொரு துறைமுகத்துக்கும் கப்பல்காரர் நடத்துகிற சுற்றுலாவுக்கு நான் பதிந்துவிட்டேன். எத்தனை மணிக்கு இறங்குவது, எந்த இலக்க பஸ், எங்கே சாப்பாடு, எத்தனை மணிக்குத் திரும்புவது எல்லாவற்றையும் ஒரு தாளில் தட்டச்சுச் செய்து உங்களிடம் தந்தேன். கண்ணாடியைப் போட்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தீர்கள்.

"இதிலை நாங்கள் சும்மா இறங்கி நடக்கிற நாள் எது?"

"அப்பிடி நடக்கேலாது அம்மா. கப்பல் பின்னேரம் வெளிக்கிட்டிடும். அவையின்ரை பஸ்ஸிலை போனால், பஸ் பிந்தினாலும் கப்பல் நிக்கும். நாங்களாப் போய்ப் பிந்தினால் விட்டிட்டுப் போயிடுவினம்."

"விட்டிட்டுப் போனால் அடுத்த கப்பலிலை வருவம்."

"உங்கடை கையிலை இருக்கிறது இலங்கைப் பாஸ்போர்ட். இந்த விசாக்களுக்கு நான் எத்தினை நாள் கியூவிலை நிண்டனான் எண்டு தெரியுந்தானே?"

"தெரியும் ராசா. ஆனா பஸ் கூட்டிக்கொண்டு போனால் பஸ் காட்டுறதைத்தான் பார்ப்பம்" என்று சொல்லித் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தீர்கள்.

நான் ஏன் அப்படி ஆனேன் என்று உங்களுக்குச் சொன்னதில்லை. எண்பத்தைந்தில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஓர் ஏஜென்டை நம்பி ஊரை விட்டு வெளிக்கிட்ட நான், நடுவழியில் ஒரு விமான நிலையத்தில் பதினொரு நாள் கிடந்தேன். ஏஜென்ட் ஒரு மணித்தியாலத்தில் வருவதாகச் சொல்லிப் போனவன், வரவேயில்லை. பதினொரு நாளும் பிளாஸ்டிக் கதிரையில் படுத்து, அடுத்தது என்ன என்று தெரியாமல் ஒரு கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு, அடுத்த மணித்தியாலத்தில் என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில் என்னால் நிற்க முடிவதில்லை. இதை ஒருநாள் மனைவிக்கு மட்டும் சொன்னேன்.

கப்பல் ஏறிய முதல் நாட்கள் கடல் கொந்தளித்தது. நீங்கள் கட்டிலை விட்டு எழும்பவில்லை, சாப்பாடும் அறைக்கே வந்தது. ஆகவே நீங்கள் மற்றப் பயணிகளைக் கண்டதே லிஸ்பனில் இறங்கியபோதுதான். நரைத்த தலையை இழுத்துக் கட்டி, ஊதாச் சேலைக்கு மேலே கோட்டும் போட்டு, நெஞ்சில் பஸ் இலக்கம் ஒட்டிய வட்ட ஸ்டிக்கரோடு, பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளை மாதிரி நின்றீர்கள்.

மலையில் இருக்கிற பழைய நகரத்தில் வழிகாட்டிப் பெண் அரை மணித்தியாலம் தந்தாள். பன்னிரண்டரைக்கு எல்லோரும் பஸ்ஸில் இருக்க வேண்டும். நான் கழிவறை வரிசையில் நின்று திரும்பி வரும்போது உங்களைக் காணவில்லை. பன்னிரண்டரை ஆனது, பன்னிரண்டே முக்கால் ஆனது. படியும் சரிவுமான ஒழுங்கைகளில் "அம்மா, அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடினேன். ஜன்னலில் உடுப்புக் காயப்போட்ட பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப பஸ்ஸடிக்கு வந்தேன். உள்ளே வெக்கையில் நாற்பது பேர். ஒருவர் என்னைப் பார்த்துத் தன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். பின்னால் இருந்த ஒருத்தர், "இவர்களைக் கூட்டிவந்தால் இப்படித்தான்" என்றார். அது என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னார்.

ஒன்று இருபதுக்கு ஒரு மஞ்சள் டிராம் வந்து நின்றது. அதிலிருந்து நீங்கள் இறங்கினீர்கள். காற்றில் தலைமயிர் கலைந்திருந்தது, சேலைக்கரையில் புழுதி. அப்பா போன பிறகு உங்கள் முகத்தை அப்படி ஒரு வெளிச்சத்தோடு நான் கண்டதில்லை.

"தம்பி, நான் எங்கை போனனான் தெரியுமே..."

"ஏறுங்கோ" என்றேன்.

பஸ் வாசலில் வழிகாட்டி நின்றாள். அவளுக்குப் பின்னால் அந்த நாற்பது முகங்கள். பயம் போன இடத்தில் வெட்கம் வந்து ஏறிவிட்டது. எல்லோருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னேன்: "மன்னித்துக்கொள்ளுங்கள். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நேரம் சொன்னது அவருக்கு விளங்கவில்லை."

பஸ் முழுக்க உடனே இளகிவிட்டது. மணிக்கூட்டைத் தட்டியவர் கையைக் கீழே விட்டார். "அடடா, பாவம்" என்று யாரோ சொன்னார்கள். நீங்கள் எனக்குப் பின்னால் படியில் நின்றீர்கள். திரும்பிப் பார்த்தேன். உங்கள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாயிருக்கும். நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு பஸ்ஸில் இருந்தவர்களைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினீர்கள். வெள்ளைக்காரரைக் கண்டால் நிமிர்ந்து கைகொடுத்து நலம் விசாரிக்கிற என் அம்மா, என் பொய்க்காகக் கைகூப்பினார்.

முன் சீட்டில் ஒரு வயதான ஆங்கிலேயப் பெண்மணி உங்களுக்கு இடம் விட்டுத் தந்தார். பெயர் மார்கரெட். உங்கள் கையைத் தட்டி, ஒவ்வொரு சொல்லாக, உரத்து, "வழி தவறிப் போனீர்களா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்துத் தலையாட்டினீர்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு எங்கள் மேசையில் அதே மார்கரெட். பரிமாறுபவர் சாப்பாட்டு அட்டையைத் தந்தபோது நீங்கள் அதைத் திறக்காமல் என் பக்கம் தள்ளினீர்கள். "நீயே சொல்லு தம்பி."

மிச்சப் பயணம் முழுக்க அப்படித்தான். உங்களுக்கு விளங்காது என்ற நினைப்பில் மார்கரெட் எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டினார். கணவருக்குக் கடைசி வருடம் மனைவியான தன்னையே அடையாளம் தெரியாமல் போனது, அவுஸ்திரேலியாவில் இருக்கிற மகன் கிறிஸ்மஸுக்கு மட்டும் தொலைபேசி எடுப்பது. நீங்கள் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். நான் சொன்னது பொய், என் அம்மா ஆங்கில ஆசிரியை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. முதல் நாள் சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஒவ்வொரு நாளும் அது பாரமாகிக்கொண்டே வந்தது. அடுத்த துறைமுகங்களான காடிஸிலும் மடெய்ராவிலும் பஸ்ஸுக்கு முதல் ஆளாக வந்து நின்றது நீங்கள்தான்.

கடைசி நாள் பின்னேரம் மேல்தளத்தில் உங்களுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன்.

"அம்மா, அண்டைக்கு பஸ்ஸிலை நான் சொன்னது..."

"விடு தம்பி. அவ்வளவு சனம் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. நீயும் என்ன செய்யிறது."

என்னை மன்னிக்க நீங்கள் ஒரு வழி திறந்து வைத்தீர்கள். நானும் அதற்குள்ளால் நழுவிப் போய்விட்டேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் வாயால் சொல்லவில்லை. அந்த ஐம்பது நிமிடமும் எங்கே போனீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் என் முன்னால் நீங்கள் ஆங்கிலம் பேசவில்லை. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. மகள்தான் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, அப்பம்மா என்னோடை இங்கிலிஷிலைதான் கதைக்கிறவ. நீங்கள் வந்தோடனை ஏன் நிப்பாட்டுறா?" எனக்குத் தெரியாது என்றேன். அதுவும் பொய்.

நான்கு வருடம், அம்மா. நான்காவது வருடம் ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் உங்கள் கட்டிலடிக்கு வந்து, உங்களைப் பார்க்காமல் என்னிடம் கேட்டார்: "அம்மாவுக்கு நோவு எப்படி இருக்கிறது?" நான் பழக்கத்தில் பதில் சொல்லத் தொடங்கினேன். "கொஞ்சம் பரவாயில்லை என்று..." அப்போது நீங்கள் தலையணையில் தலையைத் திருப்பி, வகுப்பில் பேசுகிற அந்த ஆங்கிலத்தில் சொன்னீர்கள்: "நோவு மிக அதிகம், டொக்டர். என் மகன் மூன்று நாளாக நித்திரை கொள்ளவில்லை. தயவுசெய்து அவனை வீட்டுக்கு அனுப்புங்கள்."

டொக்டர் சிவந்துபோய் உங்களிடம் மன்னிப்புக் கேட்டார், அந்த இடத்திலேயே. பத்து நாளில் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு மார்கரெட் வந்திருந்தார். பின்வரிசையில், கறுத்தக் கோட்டோடு. எனக்கு அடையாளம் தெரியச் சில கணம் எடுத்தது. எப்படித் தெரிந்து வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார்.

"உங்கள் அம்மா புதன்கிழமை வரவில்லை. இரண்டு புதனும் வரவில்லை. அதனால் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன், மகள் சொன்னாள்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கப்பல் கரைக்கு வந்த காலை, நான் பெட்டிகளைத் தேடிப் போயிருந்த நேரம், நீங்கள் அவரிடம் போய் ஆங்கிலத்தில் சொன்னீர்களாம்: "நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்கள் சொன்ன எல்லாமே எனக்கு விளங்கியது." மார்கரெட்டுக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். "என்னுடையதைவிட நல்ல ஆங்கிலம்" என்றார். அவருடைய வீடு ரொம்ஃபோர்டில், எங்களுக்கு ஒரு பஸ் தூரம். நான்கு வருடமும் நான் வேலைக்குப் போன பிறகு, புதன்கிழமைகளில் நீங்கள் இருவரும் சந்தித்து, முதலில் எந்த பஸ் வருகிறதோ அதில் ஏறிக் கடைசித் தரிப்பு வரை போய் இறங்கி நடந்திருக்கிறீர்கள். மனைவிக்குத் தெரிந்திருக்கிறது, மகளுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குச் சொன்னால் நான் நேர அட்டவணை போட்டுத் தருவேன் என்று நீங்கள் மூன்று பேரும் பேசாமல் இருந்திருக்கிறீர்கள்.

"லிஸ்பனில் எங்கே போனார் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று மார்கரெட்டிடம் கேட்டேன். என் அம்மாவைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டியிருந்தது.

வந்த டிராமில் ஏறிக் கடைசி வரை போனீர்களாம். அங்கே ஒரு சுடலை வாசலில் பூ விற்கிற பெண், மர வாங்கில் இருந்தபடி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாளாம். நீங்களும் பக்கத்தில் இருந்து உரித்தீர்களாம். ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஒரு சொல்லும் தெரியாது. "ஐம்பது நிமிடம் நான் யாருடைய அம்மா என்று அந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது, மார்கரெட்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களாம்.

"உண்மை தெரிந்தபோது எனக்கு உங்கள்மேல் சரியான கோபம்" என்றார் மார்கரெட். "நேரே வந்து பேச நினைத்தேன். உங்கள் அம்மா விடவில்லை. 'அவன் ஒருமுறை விமான நிலையத்தில் பதினொரு நாள் காத்திருந்தவன். யாரும் பிந்தினால் அவனுக்கு அந்தக் கதவுதான் தெரியும்' என்றார்."

மனைவி எப்போதோ உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் உங்களுக்குச் சொல்லாத என் பதினொரு நாளைத் தெரிந்துகொண்டு, அதற்காக நீங்கள் நான்கு வருடம் வாய் மூடி இருந்தீர்கள். உங்களுடைய ஐம்பது நிமிடத்தை நான் கேட்கவேயில்லை.

இப்போது நான் கவுன்சிலில் வயதானவர்களுக்குப் பஸ் பாஸ் கொடுக்கிற பகுதியில் இருக்கிறேன். எங்கள் சனம் நிறைய வருகிறது. அநேகமாக ஒரு மகனோ மகளோ முன்னால் வந்து நின்று, "அவவுக்கு இங்கிலிஷ் தெரியாது, என்னட்டைக் கேளுங்கோ" என்பார்கள். நான் பின்னால் நிற்கிறவரைப் பார்த்துத்தான் கேட்பேன், முதலில் ஆங்கிலத்தில், தேவையென்றால் தமிழில். பதில் வரும்வரை இருப்பேன். வரிசை நீள்கிறது என்று மேலதிகாரி இரண்டு முறை சொல்லிவிட்டார்.

போன மாதம் ஒரு அம்மா, பச்சைக் கம்பளிச் சட்டை போட்டவர், மகனைக் கையால் விலக்கிவிட்டு முன்னுக்கு வந்து, "எனது பெயரை நானே எழுதுகிறேன், பேனையைத் தாருங்கள்" என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார். மகன் என்னைப் பார்த்து, "இல்லை... அம்மாவுக்குக் கரைச்சல் எண்டுதான்..." என்று இழுத்தான். நாற்பது வயதிருக்கும், கழுத்துப் பட்டி கட்டியிருந்தான், காது சிவந்திருந்தது. அவனுக்கு ஏதாவது சொல்ல நினைத்தேன்.  அந்த அம்மா எழுதி முடிக்கும்வரை நானும் அவனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.