தோற்றம் என்று போட்ட தேதி

இன்று காலை ஆறு மணிக்கே போன் கத்த ஆரம்பித்துவிட்டது. நம் ஊர்ப் பள்ளிக்கூட வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் எல்லோருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதினேழு பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் என்றால் வேறு எப்படி இருக்கும்? வாழ்த்தியவனுக்கே வாழ்த்து திரும்பிப் போகிறது. நடுவில் துபாயில் இருப்பவன் வழக்கம்போல ‘இன்று பிறந்த பிரபலங்கள்’ என்று ஒரு படம் அனுப்பியிருந்தான். கட்டம் கட்டமாக முகங்கள். ஒரு விஞ்ஞானி, ஒரு பாடகி, ஓர் ஓட்டக்காரர், ஏதோ ஒரு நாட்டின் பிரதமர். அதற்குக் கீழே யாரோ உன் பெயரையும் சேர்த்து கேக் படம் போட்டிருந்தார்கள். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, கை வரவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்ததும் புளித்த கஞ்சிப் பசை வாடைதான் வந்தது. புதுக்கோட்டையில் நாம் நர்ஸ் பயிற்சிக்குப் படித்தபோது, விடுதிக்கு வரும் பேப்பரில் அந்தத் தேதியில் பிறந்த பெரிய மனிதர்களைப் பற்றி எது வந்தாலும் வெட்டி, கஞ்சியைத் தடவி ஒரு நோட்டில் ஒட்டிவைப்பாய். இடது பக்கம் உலகத்துப் பெரியவர்கள். வலது பக்கம் நம் ஊர்ப் பள்ளிக்கூட வகுப்புக்காரர்கள். ஆவூரில் வாத்தியார் வேலை கிடைத்தவன், கீரமங்கலத்தில் பூக்கடை போட்டவன், மேளம் அடிக்கப் போனவன் என்று ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போவாய்.

“நம்ம தேதியில எம்புட்டுப் பெரிய ஆளுகள்லாம் பொறந்துருக்காக பாருடி. நம்மளும் சும்மா போயிற மாட்டோம்” என்பாய்.

“அவுகளெல்லாம் நெசமா அன்னைக்குப் பொறந்தவுக. நம்மள ஹெட்மாஸ்டருல்ல பெத்தாரு” என்பேன் நான். விழுந்து விழுந்து சிரிப்பாய்.

சிரித்திருக்கக் கூடாது. அந்தத் தேதி எனக்கு அள்ளிக் கொடுத்தது, உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. அன்றைக்கு அது நம் இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறந்த தேதி எந்த வீட்டிலும் எழுதிவைக்கவில்லை. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது என்று அர்த்தம். தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு ஒரு வருடம் வீட்டில் கிடந்துவிட்டு வந்தவள் நான். என் கை காதைத் தாண்டிக் கழுத்துவரை போயிற்று. உன் விரல் உச்சந்தலை முடியோடு நின்றுவிட்டது. உன்னை அடுத்த வருடம் கூட்டிவரச் சொன்னார் ஹெட்மாஸ்டர். நீ பேசாமல்தான் நின்றாய். நான்தான் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாமல் உள்ளே போகமாட்டேன் என்று தரையில் புரண்டு அழுதேன். என் அழுகை பொறுக்காமல் அவர் உன் தலையை லேசாகச் சாய்த்துப் பிடித்தார். விரல் காதில் பட்டது. “சரி, ரெண்டும் ஒண்ணாவே வரட்டும். எல்லாத்துக்கும் ஒரே தேதியாப் போட்டுருவோம்” என்று எழுதிவிட்டார்.

கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்த அன்று பிறந்தவள் நீ. அதற்கு முந்தைய மே மாதத்தில் பிறந்ததாக ஆகிவிட்டாய். உனக்கு ஆறு மாதம் கூடிற்று. எனக்கு ஒரு வருடம் மூன்று மாதம் குறைந்தது. உன் மகன் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறான். ஒரே நாளில் பிறந்தவள் எப்படியடா பெரியம்மா ஆவாள் என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. ஊருக்குத் தெரியும், காகிதத்துக்குத்தான் தெரியாது.

பயிற்சி முடித்து வேலைக்காக எத்தனை வருடம் காத்துக்கிடந்தோம். வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலில் என் பெயர் முன்னால் வந்தது, கிராம சுகாதார நர்ஸாகச் சேர்ந்தேன். அடுத்த பட்டியலில் உனக்கு நேர்காணல் கார்டு வந்தது. புதுச் சேலை கட்டிக்கொண்டு போனாய். சான்றிதழைப் புரட்டிப் பார்த்தவர், “வயசு ஒரு மாசம் தாண்டிருச்சேம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். உன் உண்மையான வயதுப்படி வரம்புக்கு இன்னும் ஐந்து மாதம் மிச்சம் இருந்தது.

நீ அழவில்லை. வக்கீலைப் பார்த்தாய். கோர்ட்டில் தேதியைத் திருத்தலாம், ஆனால் அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே தேதி போட்டார்கள் என்று உன்கூடச் சேர்ந்தவர்களில் ஒருவர் வந்து சொல்ல வேண்டும் என்றார் அவர். படித்த ஆளாக இருந்தால் நல்லதாம். நீ நேரே என்னிடம் வந்தாய்.

“நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும்டி. நான் இவளுக்கு மூத்தவ, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே தேதி எழுதிட்டாகன்னு சொல்லிரு.”

சரி என்று தலையாட்டினேன். வீட்டில் என் கணவர் பிடித்துக்கொண்டார். “ஒன் சர்டிபிகேட்டு பொய்யின்னு நீயே கோர்ட்ல போயிச் சொல்லப்போறியா? சேந்து ரெண்டு வருசம் ஆகல. வேலைக்கு ஒல வச்சுக்காத.” அவர்மேல் பழியைப் போட எனக்கு ஆசைதான். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே யாராவது தடுக்கமாட்டார்களா என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்.

வாய்தா நாளுக்கு முதல் நாள் உனக்குச் சொல்லி அனுப்பினேன். சொட்டு மருந்து வேலை, வீடு வீடாகப் போக வேண்டும், லீவு கிடைக்கவில்லை என்று. எவ்வளவு மட்டமான பொய். நீ குடியிருந்ததே என் ஏரியாவில்தான். உன் மகனுக்கு அப்போது நான்கு வயது. வீடு வீடாகப் போகிறவள் உன் வீட்டுக்கு வராமல் எங்கே போயிருப்பேன்? உன் மனு தள்ளுபடி ஆயிற்று.

நான்காம் நாள் வந்தாய். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ உள்ளே வரவில்லை.

“பரவால்லடி. நம்ம ரெண்டு பேரும் ஒரே நாள்ல பொறந்தவளாவே இருந்துட்டுப் போவோம்” என்றாய். அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றி நீ பேசவே இல்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அதிகம் போனால் என் சர்வீஸில் ஒரு வருடம் மூன்று மாதம் குறைந்திருக்கும். அதைக் காப்பாற்றிக்கொள்ள உன் இருபத்தைந்து வருடத்தை அழித்தேன். என்னைவிடக் கைராசிக்காரி நீ. ஊசி போட்டால் பிள்ளைகளுக்கு வலிக்காது என்பார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கும் வேலை பார்த்து, அது மூடியதும் பூச்சந்தையில் சரம் கட்டி உட்கார்ந்தாய். நானோ பிரசவப் பதிவேட்டில் ஒவ்வொரு குழந்தையும் பிறந்த நேரத்தை நிமிடம் தவறாமல் எழுதி, நல்ல நர்ஸ் என்று பெயர் வாங்கினேன். உன் நோட்டின் வலது பக்கத்தில் எனக்கு நேரே ‘அரசு நர்ஸ்’ என்று எழுதியிருந்தாய். உன் பெயருக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை. போன புரட்டாசியில் சிறுநீரகம் கைவிட்டு நீ போனபோதும் அந்த இடம் அப்படியேதான் இருந்தது.

அன்றைக்குக்கூட ஒரு சந்தர்ப்பம் வந்தது. பஸ் ஸ்டாண்டில் வைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனருக்கு உன் படத்தைக் கொடுத்துவிட்டு, உன் மகன் போனோடு என்னிடம் வந்தான். “பெரியம்மா, தோற்றம்னு என்ன தேதி போடச் சொல்ல?” என்று கேட்டான். கோர்ட்டு இல்லை, வக்கீல் இல்லை, ஒரு பேனர். என் வேலையை யாரும் பிடுங்கப்போவதில்லை. ஆனாலும் வகுப்புக்காரர்கள் எல்லோரும் துக்கத்துக்கு வந்து நின்றார்கள். இந்த மே மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு வரவிருந்தது. உன் தேதி பொய் என்றால் என் தேதியும் பொய்தானே. “ஆதார்ல உள்ளதப் போட்டுரு தம்பி” என்றேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி என்று போய்விட்டான். பதினாறு நாள் அந்தப் பேனர் பஸ் ஸ்டாண்டில் நின்றது. நான் பஸ்ஸை அடுத்த நிறுத்தத்தில் போய் ஏறினேன்.

போன வாரம் என் ஓய்வு விழாவுக்கு அழைக்க உன் மகனின் பூக்கடைக்குப் போனேன். காலைப் பூ வந்து இறங்கியிருந்தது. மல்லிகையை எடை போட்டுக்கொண்டிருந்தான். அழைப்பிதழை நீட்டியபோது, அதில் அச்சாகியிருந்த என் சர்வீஸ் வருடங்களைப் பார்த்ததும் எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

“தம்பி, பேனர்ல போட்ட தேதி தப்பு. ஒங்கம்மா கார்த்திகையில பொறந்தவ.”

தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், “தெரியும் பெரியம்மா. அம்மா வருசா வருசம் கார்த்திகையில எங்களுக்கு மட்டும் பாயசம் வைக்கும்” என்றான்.

“தெரிஞ்சுமா என்கிட்ட வந்து கேட்ட?”

“அம்மாதான் சொல்லும். பெரியம்மா பயந்த ஆளு, ஆனா கடைசியில ஒருநா சொல்லிருவாடான்னு. அம்மா செத்த அன்னைக்காவது சொல்லுவீகளான்னு பாக்கத்தான் கேட்டேன்.” குரலை உயர்த்தவில்லை. மரியாதை குறையவில்லை. இரண்டு முழம் பூவை இலையில் மடித்து என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தான்.

நீ என்னைத் திட்டியிருக்கலாம். உன் பிள்ளையிடம் என்னைத் துரோகி என்று சொல்லிக்கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நானும் உன்னிடம் இரண்டு குற்றம் கண்டுபிடித்து, எப்படியாவது நிம்மதியாக இருந்திருப்பேன். நீயோ இருபத்தைந்து வருடமாக, நான் சொல்லிவிடுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாய். நீ நம்பிய அந்தப் பெண் ஒருத்தி எங்காவது இருந்திருந்தால் உன் மகன் இன்று பூ எடை போட்டுக்கொண்டிருக்கமாட்டான். நான் அவள் இல்லையடி.