நீல லேபிள் ஃபிளாப்பி

என் அருமை மச்சான் ஏழுமலைக்கு,

உன் தம்பி தாமு என்னிடம் அந்த நீல லேபிள் கம்ப்யூட்டர் ஃபிளாப்பியைக் கேட்கிறான். பத்து நாளில் மூன்று தரம் கேட்டுவிட்டான். முதல் தரம் கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் தரம் கேட்டபோது பயந்துபோனேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை நம் ஹாம் ரேடியோ கிளப் இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். அதை ரேடியோ தெரியாத வீட்டாரும் படிக்கிறார்கள், அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் இடையிடையே சொல்ல வேண்டிவரும். "இத்தெல்லாம் எனக்குப் போயி சொல்லிக்கினு கீறியே" என்று சலித்துக்கொள்வாய். சலித்துக்கொள்ளவாவது நீ வந்தால் தேவலை.

முதலில் வீட்டுச் செய்தி. கோவில்பதாகையில் உன் ஆன்டெனா கம்பி இன்னும் தண்ணித் தொட்டிக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவில்தான் தொங்குகிறது. உன் வீட்டுக்காரி சரோஜா அதில் துணி காயப்போட யாரையும் விடுவதில்லை. தாமு போன வருஷம் ஹாம் லைசென்ஸ் பரீட்சை எழுதித் தேறிவிட்டான். புள்ளியும் கோடுமாகத் தட்டி அனுப்பும் மோர்ஸில் ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. உனக்குத் தெரியாத இன்னொரு செய்தியும் உண்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் உன் பட்டறையிலேயே, உன் இடத்திலேயே, அவனுக்கு வேலை போட்டுக்கொடுத்தார்கள். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் அதே உலை. ஒன்றரை வருஷம் ஆகிறது. அன்றைக்கு, வீட்டில் சோற்றுக்கு வழி செய்தாரே, நல்ல மனசுக்காரர் என்று அந்த முதலாளியை நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஃபிளாப்பி வந்த கதை உனக்கு நினைவிருக்கும். நான் என் ஃபேக்டரியில் கழித்துப்போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி ஆவடி குவார்ட்டர்ஸில் கொண்டுவந்து வைத்தேன். அடுத்த மாசமே உனக்கும் ஒன்று பிடித்துக் கொடுத்தேன். வேப்பம்பட்டு நண்பர் மூன்று ஃபிளாப்பி தந்தார். மூன்றும் ஹாம்களுக்கான லாக் எழுதும் சாஃப்ட்வேர். எந்த நேரத்தில் யாரோடு பேசினோம், எந்த அலைவரிசை, சத்தம் எப்படிக் கேட்டது என்பதையெல்லாம் நாம் ஒவ்வொரு தொடர்புக்கும் குறித்து வைக்க வேண்டும், அதுதான் லாக். வெள்ளை லேபிள் ஃபிளாப்பி வெறும் நோட்டுப் புத்தகம் மாதிரி, நேரத்தைக்கூட நாம்தான் அடிக்க வேண்டும். மஞ்சள் லேபிள் நேரத்தைத் தானே போட்டுக்கொள்ளும், ஏற்கெனவே பேசிய ஆளென்றால் கீச்சென்று கத்தும். நீல லேபிள் அதற்கும் மேலே. பிரிண்டர் துளையிலிருந்து ஒரு கேபிளை டிரான்ஸ்மிட்டருக்கு இழுத்துவிட்டால், கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்ட மோர்ஸைத் தானே அனுப்பிவிடும்.

நான் ஒரு டிராயிங் பேப்பரின் பின்பக்கத்தில் கட்டம் போட்டு மூன்றையும் ஒப்பிட்டு எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். மஞ்சள் லேபிள் அன்றைக்கு அடித்த அத்தனையையும் முழுங்கிவிட்டது. நீல லேபிள் ஒவ்வொரு வரியையும் உடனே பத்திரப்படுத்தியிருந்தது. இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி உன்னிடம் வந்து சொன்னேன். நீ சிரித்தாய்.

"நோட்டுக்கு இன்னா மச்சான் கேடு? கரண்ட் போனா நோட்டு இன்னா அழிஞ்சிடுமா? போ, போயி வேற வேலையப் பாரு."

அரை வருஷம் நாம் இதற்காகச் சண்டை போட்டோம். நீ நோட்டை விடவில்லை. நீ விட்டிருக்கவே கூடாது, ஏழுமலை.

நம் ஞாயிற்றுக்கிழமைக் காலை ஏழு மணி. நான் ஆவடியில், நீ கோவில்பதாகையில். சைக்கிளில் வந்தால் கால் மணி நேரம், ஆனாலும் நமக்கு மோர்ஸில்தான் பேச வேண்டும். உன் கையை நான் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பேன். மோர்ஸ் அடிக்கும் ஒவ்வொருவனுக்கும் ஒரு கை உண்டு, குரல் மாதிரி. 'நான் முடித்துவிட்டேன், நீ சொல்' என்பதற்கு K என்று அனுப்புவோம், கோடு புள்ளி கோடு. அந்தக் கடைசிக் கோட்டை நீ கீரைக்காரி தெருமுனையில் குரலை இழுத்துக் கூவுவதுபோல ஓர் இழுப்பு இழுப்பாய். அந்த இழுப்பு வந்தால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை.

அந்தச் சித்திரையில் உன் கை மாறியது. புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டின. நாலு புள்ளி வர வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளியும் ஒரு கோடும் வந்தன. நான் உடனே பதில் அனுப்பினேன்: உன் கீ சரியில்லை.

கீ என்றால் நாம் விரலால் தட்டும் அந்தப் பித்தளைக் கருவி. அன்று மத்தியானமே ஸ்க்ரூடிரைவரோடு வந்தேன். ஸ்ப்ரிங்கை மாற்றினேன். தொடுமுனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அடுத்த வாரமும் அதேதான். என் கீயையே கொண்டுவந்து உனக்கு வைத்தேன். அதற்கடுத்த வாரம் மேஜையின் காலுக்கு அடியில் கட்டை வைத்து உயர்த்தினேன். நம் ஆட்கள் மட்டும்தான் செய்யக்கூடிய முட்டாள்தனம் இது. மோர்ஸ் கெட்டுப்போனால் ஸ்ப்ரிங்கைப் பார்ப்போம், கேபிளைப் பார்ப்போம், பூமியில் புதைத்த எர்த் கம்பியைக்கூடத் தோண்டிப் பார்ப்போம். தட்டுகிறவன் கையைப் பிடித்துப் பார்க்க எவனுக்கும் தோன்றாது.

இத்தனைக்கும் எல்லாம் என் கண்ணெதிரே இருந்தது. சரோஜா சமையலறையிலிருந்து சொன்னது காதில் விழுந்தது. "நாலு நாளா வெளிய போவல, வயித்தப் புடிச்சிக்கினு சுருண்டு கெடக்குது. நீங்களாச்சும் சொல்லுங்கண்ணே." நான் ஓமத் தண்ணி கொடு என்றேன். உன் முகம் வெளுத்திருந்தது. உலைச் சூட்டில் நிற்கிறவன் வெளுப்பானா என்று நான் யோசிக்கவில்லை.

பிறகு அந்த ஈறு. ஒரு நாள் பல் விளக்கிவிட்டு வந்து உதட்டைத் தூக்கிக் காட்டினாய். பல்லின் ஓரமாக ஈறில் மெல்லிய நீலக் கோடு. "இன்னா மச்சான் இது, இங்க் குடிச்ச மாதிரி கீது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "லாக் எழுதி எழுதிப் பேனாவக் கடிச்சிருப்பே. அதுக்குத்தான் கம்ப்யூட்டருக்கு மாறுன்னு தலையால அடிச்சுக்கிறேன்." நீயும் சிரித்தாய், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கே நீல லேபிளை எடுத்து நீட்டினேன். "கையே வேணாம், கம்ப்யூட்டர் அனுப்பட்டும்" என்றேன். அரை வருஷம் நோட்டுக்காக மல்லுக்கு நின்றவன், "சரி மச்சான், போட்டுக் குடு" என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். ஏன் இவன் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுத்தான் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு உன் மோர்ஸ் அச்சடித்த மாதிரி வந்தது. கிளப்பில் எல்லோரும் மெச்சினார்கள். K-யின் இழுப்பு மட்டும் காணாமல் போயிருந்தது. எனக்கு அது இல்லாதது உறுத்தத்தான் செய்தது. பழகிக்கொண்டேன்.

அந்த சாஃப்ட்வேரில் இன்னொன்று உண்டு. எதிராளியின் சிக்னல் எப்படி என்று குறிக்கும் கட்டத்தில் அதுவே 599 என்று போட்டுக்கொள்ளும். 599 என்றால் குறையே இல்லை என்று அர்த்தம். மாற்ற வேண்டுமானால் நாமாக அழித்து அடிக்க வேண்டும். யார் அழிக்கிறார்கள்? நோட்டில் எழுதிய காலத்தில் காதில் விழுந்ததை யோசித்து எழுதினோம். உன்னைப் பற்றிய என் கடைசி எட்டு மாச லாக்கை அச்சடித்துப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை 599. நீ பட்டறையில் வலிப்பு வந்து விழுந்த வாரம்கூட 599.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "இவர் என்ன வேலை பாக்குறாரு?" அதைக் கேட்டதும் உன் கைகளை நேராக நீட்டச் சொன்னார். உன் வலது மணிக்கட்டு பாதி முறிந்த முருங்கைக் கிளை மாதிரி தொங்கியது. ரத்தமெல்லாம் ஈயம், ஈறில் நீலக் கோடும் வயிற்று வலியும் அதனால்தான், ரொம்பத் தாமதம் என்றார். சரோஜாவும் நானும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றோம். பத்தாம் நாள் நீ போய்விட்டாய். நம் வழக்கப்படி இதழில் உன் பெயருக்குப் பின்னால் 'சைலண்ட் கீ' என்று போட்டார்கள், ஓய்ந்த கீ என்று.

காரியம் முடிந்த பிறகு சரோஜா நீல லேபிளையும் உன் பழைய லாக் நோட்டையும் என்னிடம் கொடுத்தாள். அப்போதுதான் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிப் பக்கங்களில் உன் எழுத்து கோட்டுக்குக் கீழே கீழே இறங்கிக்கொண்டே போகிறது. ஒரு தரம் நான் அதைப் பார்த்திருந்தால் போதும். குறிப்பு எழுதும் கட்டத்தில் ஒவ்வொரு வாரமும், "கீ சரியில்லை, ரத்தினம் சொல்றான்." கடைசி வரியில் மட்டும் வேறு: "கீ நல்லாத்தான் இருக்கு. கைதான். சொன்னா வேலைக்குப் போவாதேம்பான்."

தெரிந்திருக்கிறது உனக்கு. என்னிடமிருந்து கையை மறைக்கத்தான் அந்த ஃபிளாப்பியை வாங்கிக்கொண்டாயா? அதை மறைக்கும் சாமானை நானே தேடிப்பிடித்து, கட்டம் போட்டு ஒப்பிட்டு, உன் மேஜையில் கொண்டுவந்து வைத்தேனா? பதில் சொல்ல நீ இல்லை.

இனி தாமுவுக்கு வருகிறேன். மூன்றாம் தரம் ஆவடி ஸ்டேஷனில் பார்த்தபோது, "எதுக்குடா இவ்ளோ அவசரம்?" என்று கேட்டேன். அவன் சொன்னான்:

"கையால அனுப்பினா தப்பு தப்பா போவுதுண்ணா. கீ சரியில்ல போல."

ரயில் வந்தது, அவன் அம்பத்தூருக்கு ஏறிப் போய்விட்டான். நான் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

இன்று ஞாயிறு. காலையில் உன் வீட்டுக்குப் போனேன். ஒரு பையில் ஃபிளாப்பி, இன்னொரு பையில் என் கீ. முந்தாநாள்தான் அதற்குப் புது ஸ்ப்ரிங் போட்டிருந்தேன். உன் மேஜையில் வைத்து, "H மட்டும் அடி, பத்து தரம்" என்றேன். நாலு புள்ளி, அவ்வளவுதான்.

"கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுங்கண்ணா, அத்த வுட்டுட்டு பரீச்ச வெக்கிறீங்க."

"அடிடா."

முதல் நாலு தரம் சுத்தமாக வந்தது. ஐந்தாவதில் கடைசி இரண்டு புள்ளி ஒட்டியது. எட்டாவதில் மூன்று. பத்தாவது வெறும் ஒரு நீளச் சத்தம். அவன் கையை உதறிக்கொண்டு, "ஸ்ப்ரிங் டைட்டா கீதுண்ணா" என்றான்.

"ரெண்டு கையையும் நேரா நீட்டு" என்றேன். நீட்டினான். இடது கை நின்றது. வலது மணிக்கட்டு மெதுவாக இறங்கியது, அவனே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். காப்பி கொண்டுவந்த சரோஜாவும் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் அவள் பார்த்த அதே கை. டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"அண்ணே, இவன இட்டுக்கினு போயிடுங்க. நாளைக்கி அந்தப் பட்டறைக்கு இவன் போவக் கூடாது."

"லோடு வருது அண்ணி. லீவு போட்டா வேற ஆளப் போட்ருவாங்க. அப்பறம் சோத்துக்கு?"

"போடட்டும்" என்றாள் சரோஜா. "சோறு நான் பாத்துக்குறேன். ஒருத்தர வாரிக் குடுத்தது போதும்."

தாமு இப்போது என் குவார்ட்டர்ஸில், அடுத்த அறையில் இருக்கிறான். விடியற்கால ஷிஃப்டுக்கு நழுவிவிடுவானோ என்று கையோடு கூட்டிவந்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான். இருக்கட்டும். உன்னைவிட எட்டு மாசமாவது முன்னால் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறேன். அது போதுமா என்று எனக்குத் தெரியாது. கண்ணாடி முன்னால் நிறுத்தி உதட்டைத் தூக்கிப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இன்னொன்று என்னை உலுக்குகிறது, மச்சான். தாமுவுக்கும் உனக்கும் மோர்ஸ் தெரியும், அதனால் எனக்குக் கேட்டது. அந்த உலையைச் சுற்றி இன்னும் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கும் மோர்ஸ் தெரியாது.

நாளைக் காலை முதல் ரயிலில் உன் தம்பியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். டாக்டர் கேட்கும் முன்னாலேயே அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று சொல்வேன். அங்கிருந்து நேராக அந்தப் பட்டறை வாசலுக்குப் போவேன். வெளியே வருகிற ஒவ்வொருவனையும் கையை நீட்டச் சொல்வேன். அடிக்க வந்தாலும் நகரமாட்டேன், இது உன்மேல் சத்தியம். நீல லேபிளைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிவிட்டேன். தாமு குணமாகி வந்து, தன் கையாலேயே எனக்கு ஒரு K அனுப்பும்வரை என் வீட்டில் கம்ப்யூட்டர் லாக் கிடையாது.

உன் பழைய நோட்டில் மிச்சமிருந்த பக்கத்தில், உன் கடைசி வரிக்குக் கீழே, இன்றைய தேதி போட்டுப் பேனாவால் எழுதினேன். குறிப்புக் கட்டத்தில் எழுதியது இதுதான்: "கீ நன்றாக இருக்கிறது. கை சரியில்லை. ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறேன்."

நேரத்துக்குப் பார்க்கத் தவறிய
உன் மச்சான்,
ரத்தினம்